பழைய காமடோர் 64-ஐ எழுப்புவது எப்படி: வாங்குவதிலிருந்து முதல் கேம் லோடாகும் வரை

பார்சல் வந்து சேர்ந்த ராத்திரி எல்லாருக்கும் ஒரே ஆசைதான் வரும். டேப்பைக் கிழித்து, பெட்டியை மேசையில் வைத்து, கூடவே வந்த அடாப்டரைச் செருகி, வலது பக்கம் இருக்கும் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். தட்டாதீர்கள். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும். நாற்பது வருடம் தாக்குப்பிடித்த பெட்டி பல நேரம் சாவது அந்த முதல் சுவிட்சில்தான்.

காமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1982-இல், 595 டாலர் விலையில். 64 கிலோபைட் மெமரி, கலர் படம், மூன்று குரலில் இசை, எல்லாவற்றையும் அந்த விலைக்குக் கொடுக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம் கம்பெனியிடம் சொந்தச் சிப் தொழிற்சாலை இருந்தது. மாஸ் டெக்னாலஜியை 1976-இலேயே வாங்கிப் போட்டிருந்தார்கள். அன்று அவர்களுக்குப் பலமாக இருந்தது, இன்று நமக்குத் தலைவலி. படம் காட்டும் விக்-2, இசை போடும் சிட் இரண்டும் அந்த வீட்டுச் சரக்கு. காமடோர் 1994-இல் திவாலாகிவிட்டது. ஒரு சிட் எரிந்தால் இன்னொரு செத்த பெட்டியிலிருந்து பிடுங்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் காலத்து மாற்றுச் சிப்பைப் பொருத்திச் சமாதானப்பட வேண்டும். அதனால்தான் இவ்வளவு பத்தியம்.

வாங்குவதற்கு முன்

முதலில் கம்ப்யூட்டரில் வைஸ் (VICE) என்ற எமுலேட்டரை, அதாவது பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் புரோகிராமைப் போட்டு ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள், இலவசம்தான். இந்த நீலத் திரையும் பேசிக் (BASIC) மொழிக் கட்டளைகளும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கேம் மட்டும் போதும் என்றால் அங்கேயே நின்றுகொள்ளலாம், தப்பே இல்லை. திருப்புளியும் மீட்டரும் கையில் எடுக்கத் தோன்றுகிறவர்களுக்குத்தான் மீதி.

பெட்டி இரண்டு உருவத்தில் வரும். முதலில் வந்தது பழுப்பு நிறத்தில் உப்பலாக இருக்கும். ஜெர்மானியர்கள் இதை ரொட்டிப் பெட்டி என்பார்கள். 1986-இல் தட்டையான, வெளிர் நிறப் பெட்டி வந்தது. பழையதில் பெரும்பாலும் 6581 ரக சிட் இருக்கும், பின்னால் வந்த சிறிய போர்டுகளில் 8580. எது நல்ல இசை என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். என் கட்சி 6581. அதன் ஃபில்ட்டர் சிப்புக்குச் சிப் வேறு மாதிரி ஒலிக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தக் குரல் உண்டு.

இந்தியாவில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஜெர்மனியிலோ பிரிட்டனிலோ விற்ற பெட்டியைத் தேடுங்கள். நம் ஊர் டிவி போல அவையும் ‘பால்’ என்ற டிவி முறையில் ஓடுகிறவை (குடிக்கிற பால் இல்லை). அமெரிக்கப் பெட்டி என்.டி.எஸ்.சி. முறை, அதன் அடாப்டரும் 120 வோல்ட்டுக்கானது. ஐரோப்பாவில் எழுதிய கேம்கள் 50 ஹெர்ட்ஸ் கணக்கில் செய்யப்பட்டவை. அமெரிக்கப் பெட்டியில் அவற்றில் சில வேகமாக ஓடும், சில குழம்பி நின்றுவிடும்.

விளம்பரத்தில் ‘சோதிக்கவில்லை’ என்று போட்டிருந்தால் சோதித்தார்கள், ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஓடுகிறது என்றால் நீலத் திரையின் படம் கேளுங்கள், அதில் 38911 என்ற எண் (காலியாக இருக்கும் மெமரியின் அளவு) தெளிவாகத் தெரிய வேண்டும். இன்னொன்று: அடாப்டர் இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். செங்கல் மாதிரி கனக்கும். வந்தாலும் நாம் பயன்படுத்தப் போவதில்லை, அதற்கு ஏன் தபால் செலவு?

மின்சாரம்: அவசரப்படக் கூடாத இடம்

காமடோர் 64-க்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். ஒன்று 5 வோல்ட் டிசி, இன்னொன்று 9 வோல்ட் ஏசி. இந்த 5 வோல்ட், வழியில் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நேராக மெமரிக்கும் பிராசஸருக்கும் போகிறது. பழைய அடாப்டர்கள் பலவற்றில் உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு வெளியே போக வழியில்லை, திறந்து சரிசெய்யவும் முடியாது. உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் அணைந்து போகாது, மேலே ஏறும். ஏறினால் முதலில் போவது மெமரி சிப்புகள். மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது என்று சிலர் சொல்வார்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, அரை மணி நேரம் சுட்ட பிறகு ஏறுவதும் உண்டு.

ஆகவே புதிதாகச் செய்த அடாப்டர் வாங்குங்கள். இந்தப் பெட்டிக்கென்றே ஆர்வலர்கள் செய்து விற்கிறார்கள். மெயின்ஸ் வயரிங்கில் கை பழகியவர் என்றால் நீங்களே செய்யலாம். சென்னை ரிச்சி தெருவில் இதற்கான சாமான் எல்லாமே கிடைக்கும்: நல்ல தரமான 5 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாத எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை ஒன்று, 1 ஆம்பியர் 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 7 பின் டின் (DIN) பிளக், ஃபியூஸ், ஒரு பிளாஸ்டிக் பெட்டி. 9-0-9-இல் நடு முனையையும் ஏதாவது ஒரு ஓரத்தையும் மட்டும் எடுத்தால் 9 வோல்ட் ஏசி வந்துவிடும், மற்ற ஓரத்தை டேப் சுற்றி விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையை 5 வோல்ட்டின் கிரவுண்டோடு சேர்த்துவிடக் கூடாது. இரண்டும் தனித்தனியாகவே பெட்டிக்குள் போக வேண்டும். 230 வோல்ட் பக்கம் பழக்கம் இல்லையென்றால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இதில் ரோஷம் பார்க்க வேண்டாம்.

டின் பிளக்கின் பின்கள் குதிரை லாடம் போல வளைந்திருக்கும். இரண்டு கடைசிப் பின்கள், அதாவது 6-உம் 7-உம், 9 வோல்ட் ஏசி. நட்டநடுவில் இருப்பது 2, கிரவுண்ட். அதன் பக்கத்திலிருக்கும் 5-ஆம் பின்னில்தான் +5 வோல்ட். நான் முதன்முதலில் அடாப்டர் செய்தபோது, பெட்டியின் சாக்கெட்டைப் பார்த்து வரைந்த படத்தை பிளக்கைச் சாலிடர் செய்யும் பக்கத்துக்கான படமாக எண்ணிக்கொண்டேன். இடம் வலமாகிவிட்டது. ஏசி இரண்டு ஓரத்திலும் இருப்பதால் அதற்கு வித்தியாசமே இல்லை. 5 வோல்ட் மட்டும் 2-இன் மறுபக்கம் இருக்கும் 4-ஆம் பின்னுக்குப் போய்விட்டது. நல்லவேளை, அங்கே எதுவும் இணைக்கப்படவில்லை. விளக்கு எரியவில்லை. ஒரு வாரம் எந்தச் சிப் செத்தது என்று தேடினேன்! பிளக்கைப் பிடித்து மீட்டர் வைக்க எட்டாவது நாள்தான் புத்தி வந்தது.

செய்ததோ வாங்கியதோ, பெட்டியில் செருகும் முன் சுமை கொடுத்துச் சோதியுங்கள். 5 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் 1 ஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், தரையில் ஓடு மேல் வையுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். 4.9-க்கும் 5.2-க்கும் நடுவில் நின்றால் சரி. 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டர் இந்தப் பெட்டிக்கு வேண்டாம்.

திறந்து பார்ப்பது

உப்பல் பெட்டியில் அடிப்பக்கம், முன் ஓரத்தில் மூன்று திருகுதான். கழற்றிவிட்டு மேல்மூடியைப் புத்தகம் திறப்பதுபோல் பின்னோக்கித் திறக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கீபோர்டு வயரும் எல்.இ.டி. வயரும் பிடுங்கிக்கொள்ளும். தட்டைப் பெட்டியில் கொக்கிகளும் உண்டு, முரட்டுத்தனம் வேண்டாம். ஐரோப்பியப் பெட்டிகளில் போர்டின் மேல் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று கிடக்கும். எடுத்து வையுங்கள், சூட்டை அடைத்து வைப்பதைத் தவிர நம் வீட்டில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

உள்ளே பார்க்க வேண்டியவை: தண்ணீர் பட்ட கறை, பச்சை பூத்த கால்கள், யாரோ முன்பே சாலிடர் வைத்த அடையாளம். பிறகு கண்ணாடி ஃபியூஸ். இது 9 வோல்ட் ஏசிக்கானது. மீட்டரில் கன்டினியூட்டி வைத்துப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக மெல்லக் கிளப்பி, காலைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, அதே திசையில் திரும்பச் செருகுங்கள். எடுக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். சிப்பின் ஒரு முனையில் இருக்கும் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் முக்கியம். திருப்பிப் போட்டு சுவிட்ச் போட்டால் சிப் போய்விடும். நம் பனிக்காலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள், இந்தச் சிப்புகளுக்கு நிலைமின்சாரம் ஆகாது.

கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. உப்பியிருந்தால், கசிந்திருந்தால் மாற்றுங்கள். ஓடுகிற போர்டில் இருபது இடத்தில் சாலிடரிங் அயர்ன் வைப்பது வீண் ஆபத்து.

இப்போது சுவிட்ச்

மூடியைத் திறந்தே வைத்து, டிவியை இணைத்து, கார்ட்ரிட்ஜ், ஜாய்ஸ்டிக் எதுவும் செருகாமல் போடுங்கள். சிவப்பு விளக்கு எரியும். அது 5 வோல்ட்டில் எரிகிற விளக்கு, 9 வோல்ட் ஏசி வராவிட்டாலும் எரியும். விளக்கை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காது. அந்த நேரத்தில் பெட்டி தன் மெமரியைத் தானே ஒரு சுற்றுச் சோதித்துப் பார்க்கிறது. பிறகு வெளிர்நீலக் கரை, கருநீலத் திரை, அதில் காமடோர் 64 பேசிக் வி2 என்ற வரி, 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ, ரெடி, கண்சிமிட்டும் கர்சர். வந்துவிட்டால் நீங்கள் கொடுத்து வைத்தவர், கீபோர்டு பகுதிக்குத் தாவலாம்.

வராவிட்டால் உடனே அணைக்காமல், மெமரி சிப்புகள்மேல் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். சிட், விக்-2, பி.எல்.ஏ. (எந்தச் சிப் எப்போது பேசலாம் என்று முடிவுசெய்யும் சிப்) மூன்றும் சுடுவது இயல்பு. ஆனால் பழைய போர்டின் எட்டு மெமரி சிப்புகளில் ஒன்று மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டால் குற்றவாளி அதுதான். இவை 4164 என்ற பொதுவான ரகம், இன்றும் கிடைக்கும்.

மற்ற அறிகுறிகளைத் திரையிலேயே படிக்கலாம். முழுக்கக் கறுப்பு என்றால் சந்தேக வரிசையில் முதலில் பி.எல்.ஏ., அடுத்து மெமரி, பிறகு கெர்னல் ரோம் (பெட்டியின் அடிப்படைப் புரோகிராம் இருக்கும் சிப்). எழுத்துகள் சிதைந்து வந்தால் எழுத்து வடிவங்கள் இருக்கும் கேரக்டர் ரோம் அல்லது மெமரி. எழுத்து சரியாக இருந்து கலர் மட்டும் பொறிபொறியாக மாறினால் 2114 என்ற கலர் மெமரி. எல்லாம் சரி, 38911-க்குப் பதில் குறைந்த எண் வருகிறது என்றால், மெமரிச் சோதனை ஒரு கெட்ட பைட்டைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள்.

எனக்குப் பிடித்த அறிகுறி ஒன்று உண்டு. நீலத் திரை வரும், ரெடி வரும், கர்சர் மட்டும் வராது. கர்சரைச் சிமிட்ட வைக்கும், கீபோர்டைப் படிக்கச் சொல்லும் துடிப்பு சி.ஐ.ஏ. என்ற சிப்பிலிருந்து வருகிறது (அமெரிக்க உளவுத்துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). போர்டில் இந்தச் சிப் இரண்டு இருக்கும், இரண்டும் ஒரே 6526. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் பெட்டியை அணைத்துவிட்டு இடம் மாற்றிப் போடுங்கள். கர்சர் வந்து, இப்போது டிஸ்க் வேலை செய்யவில்லை என்றால் நோய் சிப்போடு இடம் மாறியிருக்கிறது. மீட்டரும் வேண்டாம், ஆசிலோஸ்கோப்பும் வேண்டாம்.

திரையில் ஒன்றுமே வராதபோது உதவுவது டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ். பெட்டியின் கெர்னல் ரோமைக் கேட்காமல் தானே ஓடி மெமரியைச் சோதிக்கும், கெட்டது எது என்பதைத் திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கெட்ட மெமரி சிப்பைக் கழற்றும்போது முழுசாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அது ஏற்கெனவே செத்தது. கட்டரால் கால்களை வெட்டி உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி உருவுங்கள், போர்டின் செம்புத் தடம் பிழைக்கும். அந்த இடத்தில் புதுச் சிப்பை நேராக வைக்காமல் சாக்கெட் போடுங்கள்.

கர்சர் வந்ததும் சிட்டை விசாரிக்கலாம். போக் (POKE) 54296,15 என்று அடித்து ரிட்டர்ன் தட்டினால் வால்யூம் முழுக்க ஏறும். அப்போது 6581-இல் ஒரு டக் சத்தம் கேட்கும். போக் 54296,0 போட்டால் இன்னொரு டக். 8580-இல் இது மிக மெல்லியதாக இருக்கும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த டக் உண்மையில் 6581-இன் வடிவமைப்பில் இருந்த குறை. அதையே வேகமாகத் தட்டித் தட்டித்தான் அந்தக் காலத்து ஆட்கள் கேம்களில் டிரம்ஸும் பேச்சும் வரவழைத்தார்கள்.

கீபோர்டு

66 விசைகள். முதலில் போட்டோ எடுங்கள், பிறகு தொப்பிகளை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஸ்பிரிங் துள்ளும், ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும். தொப்பிகளை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள். பின்பக்கம் குட்டித் திருகுகள் ஏகப்பட்டது இருக்கும். அவற்றைக் கழற்றியவுடன் தகட்டைத் தூக்கிவிடாதீர்கள், ஷிஃப்ட் லாக் விசையிலிருந்து இரண்டு வயர் சாலிடர் ஆகியிருக்கும். அதை முதலில் எடுக்க வேண்டும். தகட்டிலிருக்கும் தொடுபுள்ளிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் செத்துக்கிடந்த விசைகளில் முக்கால்வாசி எழுந்துவிடும்.

மஞ்சள் நிறம்

வெயிலில் காய்ந்த பெட்டிகள் மஞ்சளாகியிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் சூரிய வெளிச்சமும் சேர்ந்தால் வெளுக்கும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பார்லரில் முடிக்குப் போடும் பெராக்சைடு கிரீமைத் தடவி சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். அரை மணியில் கிரீம் காய்ந்து, காய்ந்த இடமும் காயாத இடமும் வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு கரைசலில் முழுக்க மூழ்கவைத்து, காலை இளவெயிலில் மட்டும், இரண்டு மூன்று நாள் பொறுமையாகச் செய்வதே நல்லது. கையுறை, கண்ணாடி கட்டாயம். உப்பல் பெட்டி பிறக்கும்போதே பழுப்பு, அதைப் பால் வெள்ளையாக்க முயலாதீர்கள். என்னுடையது இன்னும் கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

படம்

ஆன்டெனா வயரை மறந்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் வட்டமான ஏ.வி. சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். 5 பின் என்றால் மிகப் பழைய போர்டு, சாதாரண காம்போசிட் போதும். 8 பின் என்றால் ஒளியும் நிறமும் தனித்தனியாக வரும், எஸ்-வீடியோ கேபிள் செய்துகொண்டால் எழுத்து பளிச்சென்று இருக்கும். பெரியப்பா வீட்டுப் பரணில் பழைய பிக்சர் டியூப் டிவி கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு ஈடு கிடையாது. எல்.இ.டி. டிவி சில நேரம் இந்த சிக்னலைப் புரிந்துகொள்ளாமல் மங்கலாகக் காட்டும், அதற்கு சிக்னலைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெட்ரோடிங்க் போன்ற ஸ்கேலர் வேண்டும்.

கேம் ஏற்றுவது

மூன்று வழி. முதலாவது டேட்டாசெட், அதாவது கேசட். டேப் ரெக்கார்டர் காலத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பெல்ட் இளகியிருந்தால் மாற்ற வேண்டும், ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். துடைத்தும் லோடாகாவிட்டால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைக் கால்வாசித் திருப்புக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். பாட்டு மந்தமாகக் கேட்டால் ரேடியோக் கடை அண்ணன் திருகுவாரே, அதே திருகு.

இரண்டாவது 1541 டிஸ்க் டிரைவ். 5.25 அங்குல டிஸ்கில் பக்கத்துக்கு 170 கிலோபைட். இந்த டிரைவுக்குள்ளேயே தனியாக ஒரு 6502 பிராசஸரும் 2 கிலோபைட் மெமரியும் உண்டு, பாதிக் கம்ப்யூட்டர் என்றே சொல்லலாம். இருந்தும் ஆமை வேகம். ஃபார்மேட் செய்யும்போதும் பிழை வரும்போதும் ஹெட் போய்த் தடுப்பில் மோதி தடதடவென்று சத்தம் போடும். முதல் முறை கேட்டால் பதறிப்போவீர்கள். அது அப்படித்தான்.

மூன்றாவது, இன்று பெரும்பாலானவர்கள் போகும் வழி, எஸ்.டி. கார்டு. டிஸ்க் டிரைவ் போல நடிக்கும் எஸ்டி2ஐஇசி (SD2IEC) என்ற கார்டு ரீடர் மலிவு, கேசட் போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் டிரைவுக்குள் இருக்கும் அந்த இரண்டாவது பிராசஸர் இதில் கிடையாது. அதை நம்பிச் சொந்த வேக லோடர் எழுதிய கேம்கள் பாதியில் நின்றுவிடும். அவையும் ஓட வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை வைத்துச் செய்யும் பை1541 வாங்குங்கள், 1541-ஐ உள்ளும் புறமும் அப்படியே நடிக்கும். புது கேம்களும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017-இல் வந்த சாம்ஸ் ஜர்னி அதில் ஒன்று.

டிஸ்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க லோட் "$",8 அடித்து, ரெடி வந்ததும் லிஸ்ட். முதல் புரோகிராமை ஏற்ற லோட் "*",8,1. தானாக ஓடாவிட்டால் ரன்.

கேம் வந்ததும் ஜாய்ஸ்டிக்கைச் செருகத் தோன்றும். பெட்டி ஓடும்போது எதையும் செருகவோ பிடுங்கவோ கூடாது, அந்தத் துளைகள் நேராக சி.ஐ.ஏ. சிப்புக்குப் போகின்றன. அணைத்துச் செருகிவிட்டு மறுபடி லோட் செய்யுங்கள். சேகா மெகா டிரைவின் கன்ட்ரோலர் பொருந்துகிறதே என்று அதை மாட்டாதீர்கள், உள் வயரிங் வேறு. ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால் கேமில் ஒன்றும் அசையாமல், பேசிக் திரையில் மட்டும் கண்ட எழுத்துகள் விழுகின்றனவா? முதல் துளை கீபோர்டின் கம்பிகளையே பங்குபோட்டுக்கொள்கிறது, அதனால்தான். சி.ஐ.ஏ.வைக் கழற்ற ஓடாதீர்கள். பெட்டியை அணைத்துவிட்டு இரண்டாவது துளையில் செருகுங்கள், பெரும்பாலான கேம்கள் அதைத்தான் பார்க்கின்றன.